தெய்வத்துக்குப் பல்வலி

டீச்சரை முதன்முதலில் தெய்வம் என்று சொன்னது யார் என்பதில் இன்னும் தகராறு தீரவில்லை. தான்தான் என்கிறாள் நாத்தனார். தாம்தான் என்கிறார் எதிர்வீட்டு வங்கிக்காரர். யார் சொன்னால் என்ன, சொன்னதோடு அவரவர் கடமை முடிந்தது. ஒருத்தியைத் தெய்வமாக்கிவிடுவதில் பெரிய வசதி ஒன்று உண்டு. அப்புறம் அவளுக்கு யாரும் ஒத்தாசை செய்ய வேண்டாம். வாசலில் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

அந்தத் தெய்வத்துக்கு இப்போது பல்வலி.

இடது பக்கம், கீழ் வரிசையில் கடைசிப் பல். புருஷன் தூங்கும் நேரம் பார்த்து, வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு, தெருமுனைப் பல் டாக்டரிடம் ஓடிப்போய் ஒருமுறை காட்டிவிட்டு வந்திருந்தாள். அவர் விளக்கை உள்ளே அடித்துப் பார்த்துவிட்டு, "இதைக் காப்பாத்த முடியாதும்மா. வேர் வேற வளைஞ்சு கிடக்கு. வெட்டித்தான் எடுக்கணும். ஒரு மத்தியானம் பூரா ஒதுக்கிட்டு வாங்க" என்றார். மத்தியானத்தை ஒதுக்குவதாம்! கேட்கிறவருக்கு என்ன, கேட்டுவிட்டார். டீச்சர் எந்தப் பெட்டியிலிருந்து அதை எடுத்துக் கொடுப்பாள்?

புருஷனை அந்தப் பகுதியில் கிரேன்காரர் என்பார்கள். துறைமுகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வானத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். வீடு மாதிரிப் பெரிய பெட்டிகளைத் தூக்கிக் கப்பலுக்குள் சத்தமில்லாமல் வைத்த கை. நடுக்குவாதம் வந்து அந்தக் கையைப் பிடித்தது, பிறகு காலை, பிறகு நாக்கை. கடைசியாகப் போன ஆஸ்பத்திரியில், "இதுக்கு மேல மருந்தால பெருசா ஒண்ணும் ஆகப்போறதில்ல. வீட்டுலயே வச்சு நல்லா பார்த்துக்கோங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நல்லா பார்த்துக்கோங்க! சொல்வதற்கு எவ்வளவு சின்னச் சொல். அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று சொன்னவருக்கும் தெரியாது. முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, கழிவறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் நிறுத்தி உட்காரவைத்துத் திரும்ப எழுப்புவது, சவரம், நகம், வாயோரம் வழிகிற எச்சில், பிடித்துக்கொள்கிற கெண்டைக்கால், காரணமில்லாமல் வருகிற அழுகை. இதில் எதுவும் மருந்துக்கடையில் கிடைக்காது. எல்லாவற்றையும் டீச்சர் செய்தாள். திறமையாகச் செய்தாள். அதை அவளே ஒப்புக்கொள்வாள்.

ரிட்டயர் ஆனாலும் கணக்கு டீச்சர் ஆயிற்றே. வகுப்பில் ஒரு பிள்ளை பலகை முன்னால் நின்று யோசித்துக்கொண்டிருந்தால் அவளுக்குப் பொறுக்காது. சாக்பீஸைப் பிடுங்கித் தானே போட்டு முடித்துவிடுவாள். வீட்டிலும் அப்படித்தான். கிரேன்காரர் வாயைத் திறந்து முதல் எழுத்து வெளியே வருவதற்குள் தண்ணீர் வந்து நிற்கும், இல்லாவிட்டால் போர்வை வந்து நிற்கும். சாப்பாடு ஊட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. குழையப் பிசைந்த சோறு, சின்னச் சின்ன வாயாக, ஒரு பருக்கை சிந்தாமல், சட்டையில் கறை படாமல், மளமளவென்று உள்ளே போய்விடும். பார்த்தவர்கள் அசந்துபோவார்கள்.

பார்க்க வருகிறவர்களுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. நோயாளி இருக்கிற வீடு என்றால் சிலருக்குப் பொருட்காட்சி மாதிரி. ஆப்பிள் வாங்கிக்கொண்டு வருவார்கள். கிரேன்காரருக்கு அதைக் கடிக்க முடியாது, டீச்சருக்கும் இந்தப் பல்லோடு முடியாது. கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து, உச்சுக்கொட்டி, இதே வியாதியில் போய்ச் சேர்ந்த தங்கள் உறவினர் ஒருவரின் கடைசி நாட்களை அங்குலம் அங்குலமாக வர்ணிப்பார்கள். டீச்சர் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அந்தக் காலிக் கோப்பைகளையும் கழுவ வேண்டும். ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கு ஆறுதலாக டீ.

"எப்படி இருக்கீங்க?" என்று கிரேன்காரரைக் கேட்பார்கள். அவர் வாய் அசையத் தொடங்கும்.

"நல்லா இருக்கார். நேத்து கொஞ்சம் மலச்சிக்கல், இன்னிக்குப் பரவாயில்ல" என்பாள் டீச்சர்.

கேட்டவர்களும் திருப்தியாகத் தலையாட்டுவார்கள். யாருக்கும் காத்திருக்கிற வழக்கம் இல்லை.

முதலில் நாத்தனாரைத்தான் கேட்டாள். கிரேன்காரருக்கு மூத்தவள், ஒரே தம்பி என்று உருகுகிறவள், மாதம் தவறாமல் வந்து, இருமல் மாத்திரையிலிருந்து தலையணை உயரம்வரை எல்லாவற்றிலும் ஒரு குறை கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுப் போகிறவள்.

"அண்ணி, ஒரே ஒரு மத்தியானம். நீங்க வந்து உங்க தம்பி பக்கத்துல உட்கார்ந்தீங்கன்னா நான் பல்லைப் பிடுங்கிட்டு வந்துடுவேன்."

நாத்தனாரின் முகத்தில் பாசம் பொங்கிய வேகத்திலேயே வடிந்தது. "ஐயோ, எனக்கென்ன கசக்குதா? என் கூடப்பிறந்தவன். ஆனா அவனை இந்தக் கோலத்துல பார்த்தா என் நெஞ்சே வெடிச்சிடும்மா. உன்ன மாதிரி கல்நெஞ்சு எனக்கு இல்ல."

தெய்வம் கல்லாகவும் ஆயிற்று. இரண்டும் ஒன்றுதான் என்று டீச்சருக்குத் தோன்றியது.

"பல்வலிக்குக் கிராம்பை வச்சுக் கடி" என்று போகிற போக்கில் ஒரு வைத்தியமும் சொல்லிவிட்டு நாத்தனார் படியிறங்கினாள்.

அடுத்து வங்கிக்காரர். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவர். "தாராளமா! எந்த நாள்னு சொல்லுங்க" என்றார். வியாழன் என்றாள். வியாழன் மட்டும் முடியாதாம். வெள்ளி என்றாள். அடடா, வெள்ளியும் பாருங்க. டீச்சர் வாரத்தில் மிச்சமிருந்த நாட்களையும் சொல்லிப் பார்த்தாள். புதிதாக ஒரு கிழமையைக் கண்டுபிடித்தால்தான் வங்கிக்காரர் வருவார் என்று தெரிந்தது.

பிறகுதான் அந்த இரண்டு பேர் வந்தார்கள். நீண்டகால நோயாளிகளை வீடு தேடிப் போய் மருந்தில்லாமல் அன்பால் பராமரிக்கிற தொண்டர் குழு என்று சொல்லிக்கொண்டார்கள். பயிற்சி எடுத்தவர்கள். ஒரே நிறச் சட்டை, மார்பில் சிரிக்கிற சூரியன் போட்ட வில்லை. ஒருத்தி நெட்டை, ஒருத்தி குட்டை. சிரிப்பு மட்டும் ஒரே அளவு. டீச்சருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கடைசியில் ஆள் வந்துவிட்டது!

குட்டை, கிரேன்காரரின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எண்ணெய் தடவினாள். நெட்டை குனிந்து, காது கேட்காதவரிடம் பேசுகிற மாதிரி, "ஐயா! உங்க மனசுல என்ன இருக்கு? எங்ககிட்ட மனம்விட்டுப் பேசலாம்!" என்று கத்தினாள். கிரேன்காரருக்குக் காதில் ஒரு கோளாறும் இல்லை. அவர் பேச முயன்றார். உதடு குவிந்தது, நடுங்கியது.

"ஜன்னலைத் திறக்கச் சொல்றார்" என்றாள் டீச்சர்.

"அடடா!" என்று நெட்டை நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "அவர் சொல்லாமலே புரிஞ்சுக்கிறீங்களே. எங்க பயிற்சியில இதைத்தான் சொல்லிக்கொடுத்தாங்க. நீங்க பயிற்சியே இல்லாம செய்றீங்க. நீங்க ஒரு தெய்வம்மா."

ஜன்னல் திறந்தது. கிரேன்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு எல்லோரும் சேர்ந்து கைதட்டினார்கள். மனசு லேசாகுமாம். கிரேன்காரரின் இரண்டு கையையும் குட்டை பிடித்துத் தட்டவைத்தாள், பிறந்தநாள் குழந்தைக்குச் செய்கிற மாதிரி. கிளம்பும்போது நெட்டை, டீச்சரைத் தனியாக ஓரம்கட்டினாள்.

"நீங்க உங்களையும் கவனிச்சுக்கணும்மா. நீங்க நல்லா இருந்தாத்தானே அவர் நல்லா இருப்பார். உங்களுக்குன்னு கொஞ்சம் நேரம் எடுத்துக்கோங்க."

"எடுத்துக்கறேன்" என்றாள் டீச்சர். "வியாழக்கிழமை மத்தியானம் நீங்க ரெண்டு பேரும் இங்க இருங்க. நான் பல்லைப் பிடுங்கிட்டு வந்துடறேன்."

சிரிப்பு இரண்டும் ஒரே சமயத்தில் வற்றின. வீட்டுக்காரர்கள் இல்லாதபோது நோயாளியோடு தனியாக இருக்கக் குழுவின் விதியில் இடமில்லையாம். ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? சாப்பாடு ஊட்டுவதும் கழிவறைக்குக் கூட்டிப்போவதும் அவர்கள் பணியில் சேராதாம். அவர்கள் பணி மனசு சம்பந்தப்பட்டது.

"அப்போ கழிவறைக்குப் போகாத மனசாப் பார்த்துத் தேடிப்போங்க" என்று சொல்லி டீச்சர் கதவைச் சாத்தினாள். சாத்தின அதிர்வு பல்லில் போய் இறங்கியது.

அந்த வாரக் கடைசியில் கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்பார்கள்; கடிக்கவே முடியாத பல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கிரேன்காரரைப் புரட்டக் குனிந்தபோது வலி கண்ணில் பூச்சி பறக்க வைத்தது. அவரைப் பாதியில் விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே போட்டிருந்தால்? பயந்துபோனாள். மானத்தைப் பார்த்தால் முடியாது என்று தெரிந்துவிட்டது. தன் கூடப்பிறந்த தம்பிக்குப் போன் செய்தாள்.

தம்பியின் பட்டப்பெயர் மெத்தை. உட்கார்ந்த இடத்தில் அப்படியே பரவிவிடுவான் என்பதால் வந்த பெயர். தின்ற தட்டை நகர்த்த மாட்டான். வேலைக்குப் போன இடங்களில் எல்லாம் நாற்காலிக்குத்தான் இவனைப் பிடித்தது, முதலாளிக்குப் பிடிக்கவில்லை. வீடு பற்றி எரிந்தால்கூட, யாராவது வந்து தன்னைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று காத்திருக்கிற ஜாதி. இத்தனை நாளாக அவனை டீச்சர் கேட்காததற்கு இதுதான் காரணம். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவதா?

ஆனால் மண்குதிரை வந்தது. வேறு யாரும் வரவில்லை.

"நல்லா கேட்டுக்கோ" என்று ஆரம்பித்தாள் டீச்சர். "சோறு பிசைஞ்சு மூடி வச்சிருக்கேன். நிமிர்த்தி உட்காரவச்சு ஊட்டணும். சின்னச் சின்ன வாயா. முழுங்கினப்புறம்தான் அடுத்த வாய். கழுத்துல துண்டைக் கட்டு, சட்டையில சிந்தக்கூடாது. அவர் வாயை அசைச்சா தண்ணி. கையை அசைச்சா ஒண்ணுக்கு. முகத்தைச் சுளிச்சா முதுகுல தலையணையை மாத்தணும். புரியுதா?"

மெத்தை ஏற்கெனவே சோபாவில் பாதி பரவியிருந்தான். "சரிக்கா" என்றான், கண்ணைத் திறக்காமல். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரிதான்.

டீச்சர் செருப்பை மாட்டினாள், கழற்றினாள், திரும்ப மாட்டினாள். கிரேன்காரர் சாப்பாட்டு மேசையருகே நாற்காலியில் இருந்தபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"சீக்கிரம் வந்துடுவேங்க, பயப்படாதீங்க" என்று பதில் சொல்லிவிட்டு ஓடினாள்.

பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்து கிடந்தபோது ஊசி போட்ட பக்கம் மரத்தது; மனசுக்குத்தான் ஊசி இல்லை. இந்நேரம் புரையேறியிருக்கும். இந்நேரம் நாற்காலியிலிருந்து சரிந்திருப்பார். அந்தத் தடியன் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். டாக்டர் வேரோடு மல்லுக்கட்டிக்கொண்டே, "வீட்டுல யாரு பார்த்துக்கறாங்க?" என்று விசாரித்தார். வாய்க்குள் இரண்டு கருவியை நுழைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறார். பதில் சொல்ல முடியாமல் அவள் கண்ணை உருட்டினாள். "ஓ, பையனா? நல்லது" என்று அவரே சொல்லிக்கொண்டார். என்ன மனிதன் இவன் என்று டீச்சருக்கு எரிச்சலாக வந்தது.

ஒருவழியாகப் பல் வெளியே வந்தது. அந்தக் குழியில் பஞ்சை வைத்து அழுத்தி, "நல்லா கடிச்சுக்கோங்க. ரத்தம் நிக்கணும். சாயங்காலம்வரைக்கும் பேசவே கூடாது. பேசினா திரும்ப என்கிட்டதான் வரணும்" என்றார். திரும்ப வருவதா? இன்னொரு மத்தியானத்துக்கு எங்கே போவது? டீச்சர் பஞ்சைக் கடித்த கடியில் தாடை வெடித்துவிடும் போலிருந்தது.

வீட்டுக்கதவைத் திறந்தாள். பார்த்தாள்.

மேசை முழுக்கச் சோறு. தரையில் சோறு. கிரேன்காரரின் சட்டையில், மடியில், மோவாயில், ஒரு காதோரத்தில்கூடச் சோறு. ஸ்பூன் மேசைக்குக் கீழே கிடந்தது. துண்டு மடித்தது மடித்தபடியே இருந்தது. சோபாவில் மெத்தை மல்லாந்து கிடந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டீச்சரின் நெஞ்சிலிருந்து வசவு கிளம்பி வந்தது. இத்தனை வருஷத்து வசவு. அது பஞ்சில் வந்து முட்டி நின்றது. "ம்ம்ம்!" என்றாள். அவ்வளவுதான் வெளியே வந்தது. ஆனால் அந்த "ம்ம்ம்"மே மெத்தையை எழுப்பி உட்காரவைக்கப் போதுமானதாக இருந்தது.

"திட்டாதக்கா. ஊட்டத்தான் போனேன். கையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே நிக்கணும்னா தோள் வலிக்குது. சரி, மாமாவே சாப்பிடட்டும்னு தட்டை முன்னாடி தள்ளிட்டு உட்கார்ந்துட்டேன். ஸ்பூன் கீழ விழுந்துச்சு. குனியணுமேன்னு பார்த்தேன். அதுக்குள்ள மாமா கையால ஆரம்பிச்சுட்டார். நீ போன நேரத்துல இருந்து சாப்பிட்டுட்டுத்தான் இருக்கார். நானும் பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

வெட்கமில்லாமல் சொல்கிறான்! டீச்சர் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு மேசைக்குப் பாய்ந்தாள். ஒரு கையால் தட்டை இழுத்தாள்.

தட்டு வரவில்லை. கிரேன்காரரின் இடது கை தட்டின் விளிம்பைப் பிடித்திருந்தது. நடுங்கிக்கொண்டுதான் பிடித்திருந்தது, ஆனால் விடவில்லை.

அவர் உதடு குவிந்தது. டீச்சருக்கு உடனே தெரிந்துவிட்டது: வயிறு நிறைந்துவிட்டது, எடுத்துவிடு என்கிறார். சொல்ல வாயெடுத்தாள், பஞ்சு. இல்லை, களைத்துவிட்டது, படுக்கவேண்டும் என்கிறார். பஞ்சு. இல்லை, அசிங்கமாகிவிட்டதே என்று வருத்தப்படுகிறார். அதற்கும் பஞ்சு. நிற்பதைத் தவிர வழியில்லை. நின்றாள். நேரம் போனது. ஒருவர் ஒரு வார்த்தை சொல்ல இவ்வளவு நேரம் ஆகுமா என்று அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இத்தனை வருஷமாக இந்த வீட்டில் அவரோடுதான் இருக்கிறாள். இது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"இன்னும்..." என்றார் கிரேன்காரர். மூச்சு வாங்கினார். "...முடிக்கல."

வலது கை தட்டுக்குள் இறங்கியது. நான்கு விரலும் சேர்ந்து சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கின. எடுத்தார். கை பாதி தூரம் வந்து ஆடத் தொடங்கியது. அவர் அவசரப்படவில்லை. கையை அந்தரத்திலேயே நிறுத்தி, ஆட்டம் அடங்கட்டும் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார், காற்றில் ஊசலாடுகிற பெட்டியைக் கிரேனில் நிறுத்திவைத்துப் பார்க்கிற மாதிரி. ஆட்டம் கொஞ்சம் குறைந்த நொடியில் சட்டென்று தலையைக் குனிந்து வாயில் வாங்கிக்கொண்டார். பாதி சிந்தியது. பாதி உள்ளே போனது. மென்றார். அவர் மெல்லும்போது முகத்தில் இருந்ததை டீச்சர் பார்த்து வருஷக்கணக்காகிறது. ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வருகிற ஆளின் களைப்பு அது.

விழுங்கி முடித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ ஊட்டினா..." என்றார். நீண்ட நேரம். டீச்சர் பஞ்சைக் கடித்துக்கொண்டு நின்றாள். "...சீக்கிரம் முடிஞ்சிடுது." மறுபடி மூச்சு. "அப்புறம்... நாள் பூரா... எனக்கு என்ன வேலை?"

டீச்சர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மனசுக்குள் நாத்தனாரைத் திட்டியாகிவிட்டது, வங்கிக்காரரைத் திட்டியாகிவிட்டது, சிரிக்கிற வில்லை போட்ட இரண்டு பேரையும் திட்டியாகிவிட்டது. அவர்களாவது வந்து ஒரு மணிநேரம் கைதட்டிவிட்டுப் போனார்கள். இவள் தினமும் ஒரு மனிதனிடமிருந்து அவனுடைய வேலையைப் பிடுங்கிக்கொண்டு, அதற்குத் தெய்வம் என்று பட்டமும் வாங்கியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அழுதால் பஞ்சு நகர்ந்துவிடும் என்பதால் அதையும் விழுங்கினாள். ஒரு துரும்பைக்கூட எடுத்துப்போடாத தடியன் ஒருவன், ஒன்றும் செய்யாமல் கிடந்தே, அவள் ஓடியாடிச் செய்த அத்தனையையும் ஜெயித்துவிட்டுச் சோபாவில் கிடக்கிறான். அதுதான் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

சாயங்காலம் பஞ்சை எடுத்ததும் அவள் பேசிய முதல் வார்த்தை மெத்தையிடம்தான்.

"நாளைக்கும் வாடா."

"நாளைக்கா?" மெத்தை பதறிப்போனான். "இன்னிக்கே உடம்பெல்லாம் அடிச்சுப்போட்ட மாதிரி இருக்குக்கா. நாளைக்கு நான் ஓய்வெடுக்கணும்." சொல்லிவிட்டு, அவன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக வேகமாக நடந்து படியிறங்கிப் போனான்.

ஆக, இனி அவள்தான். இரவுச் சாப்பாட்டைப் பிசைந்து, தட்டை மேசையில் வைத்து, அவர் முன்னால் தள்ளினாள். எதிரே உட்கார்ந்தாள். கிரேன்காரர் விரலைச் சோற்றில் வைத்தார், ஒதுக்கினார், தூக்கினார். கை ஆடியது. ஒரு கவளம் விளிம்பில் பட்டு மேசையில் விழுந்தது. இரண்டாவது வாய் மோவாயோடு நின்றது. மூன்றாவதும் கீழே விழப்போகிறது என்று டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. அவள் கை தானாக எழுந்து மேசையைத் தாண்டிப் போய்விட்டது.

கிரேன்காரர் கையை அந்தரத்தில் நிறுத்தினார். அவளைப் பார்த்தார். வாய் அசையத் தொடங்கியது. என்ன சொல்லப்போகிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. காத்திருந்தாள்.

"டீச்சர்..." என்றார் அவர். உதட்டோரத்தில் சிரிப்பா நடுக்கமா என்று சொல்ல முடியாத ஒன்று. "...கையைக் கட்டு."

டீச்சர் கையைக் கட்டிக்கொண்டாள்.